கடைமடைக்காரி சுமந்த வெற்றிலைப் பெட்டி

உட்கார முடியாத அரசன் ஒருவன் முன்னொரு காலத்தில் வேலங்காட்டு நாட்டை ஆண்டுவந்தான். மாறவேள் என்று பெயர். சிம்மாசனத்தில் அமர்ந்த சற்று நேரத்தில் கால்கள் துறுதுறுக்கும். எழுந்து தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்கிவிடுவான். நாட்டின் சட்டங்களெல்லாம் அந்த நடையில்தான் பிறந்தன. பக்கத்தில் நடக்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உண்டு: வெற்றிலைப் பெட்டி சுமக்கும் திருமேனியாருக்கு. மடித்துக் கொடுக்கக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே. அமைச்சர் செந்நாவலர் உட்பட மற்றவர்கள் மரியாதைக்காகத் தள்ளிப் பின்னால் வருவார்கள். முன்னால் என்ன பேச்சு நடக்கிறதென்று அவர்கள் காதில் விழாது. தாழ்வாரத்தின் கோடியில் அரசன் திரும்பும்போது ஒரு புதுச் சட்டம் தயாராக இருக்கும்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஒருநாள் அரசன் திரும்பி நின்று, "ஏரித் தண்ணீர் இனித் தலைமடைக்கே முதலில். மிஞ்சினால் கடைமடைக்கு" என்றான். தலைமடை என்பது ஏரியை ஒட்டிய நிலம். திருமேனியாரின் வெற்றிலைக் கொடிக்கால்கள் அங்கேதான் தளதளவென்று கிடந்தன. கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடையிலோ நெல் பால் பிடிக்கும் பருவம். இன்னும் சில நாள் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர்.

இது தங்கள் காதில் யாரோ ஓதிய யோசனை என்று அமைச்சர் மறுத்துப் பேசினார். அரசனுக்குக் கோபம் வந்தது. யோசனை தன்னுடையது, தன் காதில் ஓதி எவனும் சட்டம் செய்ய முடியாது என்றான்.

"அப்படியானால் நாளை ஒருநாள் பெட்டியை வேறொருவர் சுமக்கட்டும், அரசே. மாலையிலும் இதே சட்டம் நின்றால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

திருமேனியார் பதறிப்போய்ப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். வெறும் வெற்றிலைக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று அமைச்சர் கேட்க, சபை சிரித்தது. சுமக்கப்போவது மூக்காயி என்ற கடைமடை உழவுப்பெண் என்று தெரிந்ததும் திருமேனியார் ஒரு நிபந்தனை போட்டார். தண்ணீரைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அமைச்சர் தோற்றவர். செந்நாவலர் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது திருமேனியாருக்கே வியப்பாக இருந்தது.

மறுநாள் மூக்காயி தன் ஊர் வெற்றிலையோடு வந்தாள். அரசன் ஒன்றை வாயில் போட்டு முகம் சுளித்தான்.

"என்னம்மா, சருகு மாதிரி இருக்கிறதே?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு, மகராசா."

அரசன் சிரித்துக்கொண்டே நடந்தான். பிள்ளைகள் உண்டா என்று கேட்டான். ஒரே மகள், தை மாதம் வைத்திருந்த கல்யாணத்தைத் தள்ளிவைத்தாயிற்று என்றாள். ஏன் என்றான். அதையும் சொல்லக்கூடாது என்றாள். மாடு கன்று? விற்றாகிவிட்டது. எதற்கு விற்றாய் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசனின் நடை வேகமெடுத்தது.

"உன் வீட்டுக்காரர்?"

"வேலை தேடி வெளியூர் போயிட்டாருங்க."

"அறுப்பு நெருங்கும் நேரத்திலா? ஏன்..." என்றவன் தானே நிறுத்திக்கொண்டான்.

"மகராசா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எதைக் கேட்டாலும் அங்கதான் போய் முட்டுது. நான் என்ன செய்யட்டும்?"

உட்கார முடியாதவனுக்கு இப்போது நடக்கவும் முடியவில்லை. தாழ்வாரத்தின் கோடிக்குப் போகாமலே பாதியில் திரும்பினான்.

"கடைமடைக்கு முதலில் திறங்கள். இப்போதே. இது என் யோசனை. அவள் எதுவும் சொல்லவில்லை."

"உண்மை, அரசே" என்றார் அமைச்சர். "அவள் தண்ணீர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நேற்றைய யோசனையும் தங்களுடையதுதான்."

அரசன் பின்னால் நின்ற திருமேனியார் பக்கம் திரும்பிக் கேட்டான்: "திருமேனி, உன் கொடிக்கால் எங்கே இருக்கிறது?"

திருமேனியார் தரையைப் பார்த்தார்.

"சொல்லக்கூடாதென்று உனக்கு யாரும் உத்தரவு போடவில்லையே?"

அறுப்பு முடியும்வரை மண்வெட்டியோடு கால்வாய்க் கரையில் நடந்து, கடைசி வயல்வரை தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் வேலை திருமேனியாருக்குக் கிடைத்தது. பெட்டி நாளுக்கொரு ஊராரிடம் போனது. இனி நீரே பக்கத்தில் நடந்து வாரும் என்று அரசன் அழைத்தபோது அமைச்சர் கும்பிட்டு மறுத்துவிட்டார். "பிறகு என் நிலம் எங்கே இருக்கிறதென்று ஒருநாள் கேட்க வேண்டிவரும், அரசே."

மூக்காயியின் நெல் பால் பிடித்தது. அரசனுக்கோ அதன் பிறகு நிம்மதியே இல்லை. எந்த நல்ல யோசனை தோன்றினாலும் சட்டென்று நின்று, பக்கத்தில் நடப்பது யாரென்று திரும்பிப் பார்ப்பான். அவன் அப்படித் திரும்பிப் பார்த்த காலம்வரை அந்த நாட்டில் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.