பாயில் உட்கார்ந்த அதிகாரி

என் மகள் அஃப்ரின் இன்று தயங்காமல் ஆங்கிலம் பேசுகிறாள் என்றால், அது தற்காலிக ஆசிரியை மரியசெல்வி செய்த புண்ணியம். அந்த நன்றியோடு இதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாம் வகுப்புக்கான ஆங்கிலக் கதையைத் தன் குரலில் பதிந்து, முந்தின நாளே எங்கள் போனுக்கு அனுப்பிவிடுவார் டீச்சர். பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டுவிட்டுப் போவார்கள். வகுப்பில் அதைப் பேசி நடிப்பதுதான் வேலை.

ஒருநாள் ஆய்வுக்கு வந்தார் அதிகாரி தணிகாசலம். கரும்பலகை காலி, வகுப்பில் ஒரே கூச்சல்.

"இது வகுப்பா, சந்தையா? என் கண் முன்னால பாடம் நடத்துங்க. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்!"

"நடத்துறேன் சார்," என்றார் டீச்சர் பணிவாக. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பாடம் கேக்காம வந்தவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அஃப்ரின்தான் கேட்டாள், "சார், நீங்க கேட்டீங்களா?"

"ஆய்வுக்கு வர்றார்னு சாருக்கும் நேத்தே அனுப்பினேனே," என்றார் டீச்சர்.

அதிகாரி போனை எடுத்துப் பார்த்தார். அனுப்பியது திறக்கப்படாமலே கிடந்தது.

"கேக்காம வந்தவங்க அந்தப் பாயில உக்காந்து கேக்கணும் சார். முடிச்சிட்டு வாங்க, கதையில வர்ற கரடி வேஷம் உங்களுக்கு."

உட்கார்ந்து கேட்டார். கரடியாகவும் நடித்தார். வசனம் மறந்தபோது பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள்.

போகும்போது ஆய்வேட்டில் எழுதினார்: "இவ்வகுப்பில் பாடம் கேட்காமல் வந்தவர் ஒருவரே. அவரையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி."