குண்டுக்கு மீசை வரைந்தவர்கள்

ஊரில் நாசம் செய்கிறவனை "இடிகுண்டு" என்று திட்டுகிறார்கள். குண்டுக்கு இது அநியாயம். கட்டடம் இடிக்கக் கிரேனில் தொங்கும் இரும்புக்குண்டு தானாக எதையும் இடித்ததில்லை. ஆட்டிவிட ஆள் வேண்டும். கோணங்குளத்தில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள்: மேஸ்திரி வீரபுத்திரன், கிரேன் ஓட்டும் சுடலையாண்டி, யார் எது சொன்னாலும் தலையாட்டும் எசக்கிமுத்து.

பாழடைந்த அரிசி மில்லை இடிக்க வந்திருந்தார்கள். மில் சுவரை ஒட்டிப் பொன்னுத்தாயின் டீக்கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு பாய்லர். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"ஏலே, பால் வாங்கிட்டு வாரேன். என் கடைக்கு ஏதாவது ஆச்சு, மூணு பேரையும் பாய்லர்ல போட்டுக் காய்ச்சிருவேன்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் குண்டின் நிழலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கடையைப் பத்திரமான இடத்துக்கு மாத்திரணும்ணே," என்றான் சுடலையாண்டி.

"பத்திரமான இடம் எதுலே?" என்றான் வீரபுத்திரன்.

"நாலு பக்கமும் கனத்த சுவர் இருக்கணும்."

மூவரும் ஒரே நேரத்தில் மில்லைப் பார்த்தார்கள்.

கடையைப் பிரித்து, மில்லுக்குள் கொண்டுபோய், மறுபடி கட்டினார்கள். பாய்லர்கூடப் பழையபடியே இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

"புது இடத்துல கடை போட்டா திருஷ்டிப் பூசணி கட்டணுமேண்ணே," என்றான் சுடலையாண்டி.

"இந்நேரம் பூசணிக்கு எங்கலே போக?"

எசக்கிமுத்து முதல்முறையாக வாய் திறந்தான். "குண்டும் உருண்டையாத்தானே இருக்கு?"

"மீசை வரைஞ்சா சரியாப் போகும்," என்று தீர்ப்புச் சொன்னான் வீரபுத்திரன்.

சுண்ணாம்பால் முழிக்கண்ணும் பல்லும் மீசையும் வரைந்தார்கள். மீசை ஒரு பக்கம் ஏறிவிட்டதென்று அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார்கள். செய்வதைத் திருந்தச் செய்கிறவர்கள். பிறகு கூரை ஓட்டை வழியாகக் குண்டை இறக்கி, மில்லின் உத்தரத்தில் சங்கிலி போட்டுக் கட்டி, குண்டிலிருந்து கிரேனைக் கழற்றினார்கள். எதிரே ரோட்டில் நின்று கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்கள்.

உத்தரம் ஒருமுறை முனகியது. அடுத்து உத்தரம், கூரை, சுவர்கள் என்று வரிசை தவறாமல் எல்லாம் உட்கார்ந்தன.

புழுதி அடங்கியபோது பால் தூக்குடன் பொன்னுத்தாய் நின்றாள். "என் கடை எங்கலே?"

வீரபுத்திரன் அவளைக் கடை இருந்த பழைய இடத்துக்குக் கூட்டிப் போனான். வெறுந்தரையில் ஒரே ஒரு செங்கல் விழுந்து கிடந்தது.

"பாத்தியாக்கா?" என்றான், நெஞ்சில் கைவைத்து. "கடை மட்டும் இங்கேயே இருந்திருந்தா, இந்தச் செங்கல் அது மேலதானே விழுந்திருக்கும்!"