கீறினால் கனியும் காட்டத்தி

மரங்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், யூதேயாவின் தாழ்நிலத்தில் ஒரு காட்டத்தி நின்றது. ஒலிவமரத்துக்கு எண்ணெய்ப் பெருமை, திராட்சைக்கு ரசப் பெருமை. லீபனோன் மலைக் கேதுரு மரத்தின் பீற்றலோ காற்றோடு அங்கே வரைக்கும் வரும். காட்டத்திக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அடிமரம் தொடங்கிக் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஒன்றாவது பழுக்குமா என்றால், கிடையாது. பச்சையாகவே உதிரும். காய்த்த மரந்தான் கல்லடி படும் என்பார்கள். பாவம், இதன்மேல் கல்லெறியக்கூட ஆளில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஏப்பேர் வீட்டில் மாவுப்பானை காலி. மரத்தை வெட்டி உத்தரத்துக்குக் கொடுத்தால் நகரத்தில் இரண்டு மூட்டை வாற்கோதுமை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அவன் கோடரி இரவல் வாங்கக் கிளம்பிவிட்டான்.

மகள் திர்சாள் பசியில் அழுதுகொண்டே இருந்தாள். அவள் தாய் ஆக்சாளுக்குப் பொறுக்கவில்லை. கத்தியை எடுத்துவந்து, தாழத் தொங்கிய ஒரு காயைக் கீறிப் பார்த்தாள். வெறும் பால்தான் வடிந்தது. இத்தனை காய்த்து என்ன பிரயோசனம், ஒரு பிள்ளையின் வயிறு நிறையவில்லையே என்று மரத்தைத் திட்டிவிட்டு, கீறிய காயை அப்படியே விட்டுப் போனாள். கத்தி பட்டதைவிட அந்தச் சொல்தான் மரத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

நாலாம் நாள் ஏப்பேர் வந்துவிட்டான். கோடரியை ஓங்கும்போது திர்சாள் குறுக்கே ஓடிவந்தாள். கையில் பாதி தின்ற பழம், வாயெல்லாம் சாறு. ஆக்சாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பழத்தில் அவளுடைய கத்திக் கீறல் இருந்தது. மரத்தில் மற்றதெல்லாம் பச்சை.

விஷயம் புரிந்ததும் கத்தியோடு மரத்தில் ஏறினாள். முதல் காயைக் கீறியதும் மரம் முனகியது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. மரத்தில் ஆயிரம் காயாவது இருக்கும். அத்தனை தரம் இதை நோகடிக்க வேண்டுமா என்று நினைத்து அவளுக்கே அழுகை வந்தது.

மரம்தான் அவளைத் தேற்றியது. "வலிக்கத்தான் செய்யும், தாயே. பரவாயில்லை, கீறு. என் பழத்தைத் தின்று ஒரு பிள்ளை சிரித்ததை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்."

ஆக்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீறினாள். ஏப்பேர் கோடரியைப் போட்டுவிட்டு, இடுப்புக் கத்தியால் கீழ்க்கிளைகளைக் கீறினான். அடுத்த நாலாம் நாள் பசித்த வீடெல்லாம் கூடையோடு வந்து நின்றது. ஒலிவமரம்கூட எட்டி எட்டிப் பார்த்ததாம்.

அன்று தொட்டுத்தான் அந்தத் தேசத்தில் காட்டத்திக்காயை ஒவ்வொன்றாய்க் கீறிவிட்டு நாலு நாள் காத்திருக்கிறார்கள். கத்தி படாத காய் பச்சையாகவே உதிர்கிறது, கத்தி பட்ட காய் பிள்ளைகளின் கைக்குப் போகிறது.