கரையில் நின்று கத்தியவர்

அன்று காலை நாலாவது தடவையாகச் சந்தனமாரியின் படகு கவிழ்ந்தது. சின்னப் பாய்மரப் படகு, ஓர் ஆள் மட்டும் உட்காரலாம். நெஞ்சளவுத் தண்ணீரில் அதைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தவள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் வீசினாள்.

“நாளையிலேருந்து நான் வரல சார்.”

பி.டி. வாத்தியார் சுடலைமணி பதறிப்போனார். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் அழைத்து வருகிற பதினொரு பிள்ளைகளில், எல்லோருக்கும் முந்தி வந்து நிற்பவள் இந்தப் பிளஸ் ஒன் பெண்தான். அவளே போய்விட்டால் அப்புறம் யாருக்குச் சொல்லிக்கொடுக்க?

நேரே பாய்மரப் பயிற்சியாளர் பெலிசிட்டாவிடம் போனார். அவருக்கு ஐம்பது வயது, பெலிசிட்டாவுக்கு முப்பத்தாறு. மைதானத்தில் அவர் வாத்தியார். கடலில் பெலிசிட்டாதான் அவருக்கு மாஸ்டர்.

“மாஸ்டர், என் பிள்ளைங்க மட்டும் ஏன் கவிழுறாங்க?”

“திடீர்னு காத்து அடிச்சா என்ன செய்யணும் சார்?”

“பாய்க்கயிறை விட்டுக்கொடுக்கணும். பாய் தளரும், படகு நிமிரும். போர்டுல படம் போட்டே காட்டியாச்சே.”

“அவ செய்யலையா?”

“எங்க? உடும்புப்பிடியா பிடிக்கிறா. நானும் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்துறேன்.”

பெலிசிட்டா படகைப் பிடித்து நிறுத்தினார். “நீங்க ஏறுங்க சார்.”

ஏறினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். சற்று தூரத்தில் தண்ணீர் கறுத்துச் சுருங்கியது. காற்று வந்துவிட்டது. படகு சாய்ந்தது.

பெலிசிட்டா இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

“விடாதீங்க சார்! விடாதீங்க!”

ஓட்டப்பந்தயப் பிள்ளைகளைப் பார்த்துச் சுடலைமணி இருபது வருஷமாகக் கத்துகிற கத்தல் அது. இந்த ஒரு மாதமாகக் கடலைப் பார்த்தும்.

சுடலைமணி பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இறுக்கினார். படகு அப்படியே புரண்டது.

உப்புத்தண்ணீரைத் துப்பியபடி எழுந்தார். “மாஸ்டர், நீங்கதானே விடாதேன்னு...”

தலையில் அடித்துக்கொண்டார்.

கரையில் சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். “நாலு தடவையும் நீங்க சொன்னதைத்தான சார் கேட்டேன்!”

சிரித்து ஓய்ந்து, மணலில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து உதறி மாட்டினாள். “இன்னும் ஒரு தரம் போறேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

அவர் விழுந்த வேகத்தில் பாய் ஓரமாகக் கிழிந்திருந்தது. அவள் வேறு படகில் போனாள். பெலிசிட்டா கிழிந்த பாயை மடியில் போட்டு ஊசி கோத்தார். ஈரம் சொட்டச் சொட்டப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் சுடலைமணி.

மறுபடி தண்ணீர் கறுத்தது. படகு சாய்ந்தது. அவர் வாய் திறந்தது, மூடியது. இன்னும் சாய்ந்தது. உதட்டைக் கடித்தார். பக்கத்து மடியில் கிடந்த பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தார்.

சந்தனமாரியின் கை முன்னால் போனது. கயிறு ஒரு முழம் தளர்ந்தது. பாய் படபடத்தது. படகு நிமிர்ந்து, சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்பியது.

“மாஸ்டர்! நான் ஒண்ணுமே சொல்லல. அவளாவே விட்டுட்டா!”

“பார்த்தேன் சார்,” என்றார் பெலிசிட்டா. “நீங்களும் இந்தப் பாயை விட்டீங்கன்னா, நான் தச்சு முடிச்சிருவேன்.”