சைடுகாரில் ஏறிய சாம்பார்

வண்டி ஓடத் தகுதியான்னு எஃப்சி பாக்குற மைதானத்துல அன்னைக்கு நல்ல கூட்டம். என்னோட குட்டியானை லோடு வண்டி வரிசையில கடைசியா நின்னுச்சு. முன்னாடி ஒரு பழைய புல்லட்டு. அதோட இடது பக்கம் ஒத்தச் சக்கரத் தொட்டியா சைடுகார் மாட்டியிருந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் டேப்ப வச்சு குறுக்கால அளந்தாரு. நம்பாம மறுபடியும் அளந்தாரு.

"அகலம் சட்டத்துல இருக்குறத விட கூடுது. குறைச்சுக் கொண்டாங்க."

அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குப் போயிட்டாரு. புல்லட்டுக்காரர் மூஞ்சி தொங்கிப்போச்சு.

டீக்கடை பெஞ்சுல இருந்து இதப் பாத்துக்கிட்டிருந்த சமையல் மாஸ்டர் காத்தமுத்து, மூக்கால ஒரு சிரிப்பு சிரிச்சாரு. பாத்திரம் ஏத்துற வேனுக்கு எஃப்சி வாங்க வந்தவரு.

"இதெல்லாம் ஒரு அகலமாப்பா? நான் ஒரு சைடுகார் வச்சிருந்தேன். கல்யாண சாம்பார் அண்டா அப்படியே அலுங்காம உக்காரும். மூடி மேல என் மச்சினன் உக்காந்து வருவான்."

"கொதிக்கிற அண்டா மேலயா?"ன்னு கேட்டது ஜெயக்கொடி. பள்ளிக்கூட வேன் ஓட்டுற அக்கா. யாரு என்ன சொன்னாலும் ஒரு கேள்வி கேக்காம விடாது.

"குளிர்காலத்துல மட்டும் ஆத்தா. சும்மா குறுக்க பேசாத."

மாஸ்டர் துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டாரு. சரி, ஆரம்பிச்சுட்டாருன்னு நான் இன்னொரு டீ சொன்னேன்.

"வத்தலகுண்டுல ஒரு கல்யாணம். மண்டபத்துல தண்ணி இல்ல. செம்பட்டியில நம்ம வீட்டுலயே ஆக்கிக் கொண்டுபோறதுன்னு பேச்சு. சோறு, கறி எல்லாம் வேன்ல முன்னாடியே போயிருச்சு. முருங்கைக்கா சாம்பார் மட்டும் என்னோட சைடுகார்ல. அங்க தாலி கட்டியாச்சு, இலை போட்டாச்சு, சோறும் வச்சாச்சு. மாப்பிள்ளையோட தாய்மாமன் சோத்துல குழி பறிச்சுட்டு கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் பாதி வழியில வாரேன். ரோட்டுல ஜீப்ப நிறுத்திக்கிட்டு ஒருத்தரு கைய நீட்டுறாரு. தனுஷ்கோடின்னு ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர். பெத்த தாயோட தையல் மிஷினையே ஓவர்லோடுன்னு நிறுத்துனவரு."

லாரி டிரைவர் செபஸ்தியான் சிரிச்சதுல டீ மூக்குல ஏறிருச்சு.

"டேப்ப போட்டாரு. 'யோவ், அகலம் நாலு விரக்கடை கூடுது. ஓரங்கட்டு'ன்னாரு. 'ஐயா, பந்தியில ஊரே கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு'ன்னேன். 'சட்டத்துக்குப் பந்தியும் தெரியாது, பாயசமும் தெரியாது'ன்னுட்டாரு. அன்னைக்கு மானம் போனா அப்பறம் எவன் நம்மள அடுப்படிக்குள்ள விடுவான்?

"யோசிச்சேன். 'ஐயா, இது இரும்பு. வெயில்ல விரிஞ்சு கெடக்கு. குளுந்தா சுருங்கிரும். ஒரு நிமிசம் குடுங்க'ன்னேன். பக்கத்துத் தோட்டத்துல பம்புசெட்டு ஓடுது. குழாய இழுத்து தொட்டி மேல அடிச்சேன். என் கண்ணு முன்னாடியே மளமளன்னு சுருங்குது. ரெண்டு விரக்கடை போயிருச்சு! ஆனா தொட்டியோட சேந்து அண்டாவும் சுருங்குதா, சாம்பார் மேல ஏறி மூடிய முட்டுது."

"அண்டா சுருங்குனா உள்ள இருக்குற சாம்பாரும் சுருங்கணும்ல மாஸ்டர்?"ன்னுச்சு ஜெயக்கொடி.

"சாம்பார் சூடால்ல இருக்கு ஆத்தா! சூடா இருக்குறது எப்படி சுருங்கும்? வேன் ஓட்டுற, இது தெரியல."

ஜெயக்கொடி தலைய ஆட்டிக்கிட்டே டீய உறிஞ்சுச்சு.

"இன்னும் ரெண்டு விரக்கடை பாக்கி. அவரு 'முடியாது'ங்குறாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. 'ஐயா, சட்டம் அகலத்தத்தான சொல்லுது?'ன்னு கேட்டேன். 'ஆமா'ன்னாரு. கிளம்புனேன். வலது பக்கம் அப்படியே ஒரு சாய்ப்பு. சைடுகார் அண்டாவோட அந்தரத்துல எந்திரிச்சு நின்னுருச்சு! இப்ப அது அகலமா? உயரம்! புல்லட்டு ரெண்டு சக்கரத்துல போகுது, சாம்பார் வானத்துல போகுது."

"சாம்பார் கொட்டலையா?" இது செபஸ்தியான்.

"நம்ம சாம்பாரா? பருப்பு அவ்வளவு கெட்டி. கவுத்துப் போட்டாலும் யோசிச்சுத்தான் வெளிய வரும். அதுலயும் ஒரு நல்லது நடந்துச்சு கேளு. அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் புளியமரம். அண்டா மரத்த உரசிக்கிட்டே போனதுல மூடி கழண்டு, புளியம்பழம் பொலபொலன்னு உள்ள விழுந்துச்சு. அன்னைக்கு அவசரத்துல புளி கொஞ்சம் கம்மியாத்தான் போட்டிருந்தேன். போற வழியிலயே சரியாப்போச்சு."

"கொட்டையோடயா மாஸ்டர்?"ன்னுச்சு ஜெயக்கொடி.

"கொட்டைய மச்சினன் மேல உக்காந்து பொறுக்கிட்டான்."

பெஞ்சே குலுங்குச்சு. புல்லட்டுக்காரர் கூட துக்கத்த மறந்துட்டு கிட்ட வந்து நின்னுட்டாரு. மாஸ்டருக்கு அது போதாதா? குரல் இன்னும் ஒரு படி ஏறிருச்சு.

"தனுஷ்கோடி விடுவாரா? ஜீப்புல தொரத்துறாரு. ஓடுற ஜீப்போட பானெட்டு மேல ஏறி நின்னு டேப்ப நீட்டுறாரு. 'இப்ப உயரம் கூடுதுய்யா'ன்னு கத்துறாரு. அப்பத்தான் டேப்போட கொக்கி நம்ம பின் சக்கரத்துல மாட்டுச்சு. நான் முறுக்குறேன், அவரு டேப்ப விடமாட்டேங்குறாரு. கெவர்மெண்டு டேப்பு பாரு, அறுந்தா அவரு பதில் சொல்லணும். ஒரு பக்கம் புல்லட்டு இழுக்குது, ஒரு பக்கம் ஜீப்பு இழுக்குது. டேப்பு ரப்பர் மாதிரி நீளுது. ஒரு அடி ரெண்டடி ஆகுது, ரெண்டடி அஞ்சடி ஆகுது. வத்தலகுண்டு எல்லையில ரெண்டு பேருக்கும் பெட்ரோல் தீந்து நின்னோம்.

"மூச்சு வாங்கிக்கிட்டே எறங்கி வந்தாரு. 'இப்ப அளக்குறேன் பாரு'ன்னு அதே டேப்ப குறுக்கால வச்சாரு. வச்சவரு கண்ணக் கசக்குனாரு. என்னோட வண்டி அகலம் ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் அளவு கூட வரல! அந்த டேப்புல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரு எருமை படுக்கலாம். 'என்னய்யா இது, சைடுகார் எங்க?'ங்குறாரு. 'ஐயா டேப்பு என்ன சொல்லுதோ அதான் சட்டம்'னேன்.

"அதோட விட்டிருந்தா பரவால்ல. சந்தேகத்துல அவரு தன்னையே அளந்து பாத்தாரு. முழங்கால் உயரம் கூட காட்டல! மனுசன் ரோட்டுலயே உக்காந்துட்டாரு. 'மாஸ்டர், இந்த உயரத்துக்கு எனக்கு வேலையே குடுத்திருக்க மாட்டாங்களே, வெளிய சொல்லிராதீக'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் ஒரு கரண்டி சாம்பார் ஊத்திக் குடுத்து ஆறுதல் சொன்னேன். குடிச்சுட்டு, ஜீப்ப விட்டுட்டு, என் வண்டிய மண்டபம் வரைக்கும் அவரே தள்ளிக்கிட்டு வந்தாரு. பந்தியில எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. அன்னைக்கு ஊத்துன சாம்பாரப் பத்தி வத்தலகுண்டுல இப்பவும் பேசுறாக."

"ஆமா, பேசுறாக"ன்னு ஒரு குரல் வந்துச்சு.

எல்லாரும் திரும்பிப் பாத்தோம். அதுவரைக்கும் தன் டிராக்டர் டயருக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்த ஒரு ஆளு எந்திரிச்சு வந்தாரு. முப்பது வயசு இருக்கும். சிரிக்கல.

"மாஸ்டர், என்னைய தெரியுதா? நான்தான் அந்தக் கல்யாண மாப்பிள்ளை. ஒச்சாத்தேவர் மகன் பின்னத்தேவன். அன்னைக்கு சாம்பாரே வரல. வெறுஞ்சோத்துக்கு ஊறுகாய் தொட்டுத் தின்னோம். எங்க தாய்மாமன் கோவிச்சுக்கிட்டு இலையில இருந்து எந்திரிச்சவருதான். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல அவரு கை நனைக்கல."

ஜெயக்கொடி டீ கிளாச கீழ வச்சுட்டு மாஸ்டரோட மூஞ்சியவே பாத்துச்சு. செபஸ்தியான் இருமுனாரு. எனக்கே மாஸ்டரப் பாக்கப் பாவமா இருந்துச்சு.

காத்தமுத்து துண்டால முகத்தத் தொடைச்சாரு. தொடைச்சு முடிச்சு, அந்த ஆளு தோள்ல மெதுவா கைய வச்சாரு.

"சாம்பார் வந்துச்சு மாப்ள. உங்க மண்டபத்து வாசல்தான் அகலம் பத்தல."