கரும்பிடரியின் வேங்கைமரப் பெட்டி

கல்லோடைக் காட்டில் கரும்பிடரி என்றொரு காட்டுப்பன்றி தன் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தது. பனிக்காலம் வந்தால் செந்நாய்கள் மலையிறங்கிப் பன்றிக்குட்டிகளைத் தூக்கிப் போகும். அவற்றை விரட்டக் கூட்டத்திடம் இருந்தவை கரும்பிடரியின் கோரைப்பற்கள் மட்டுமே. கிழங்கு தோண்டித் தோண்டி மழுங்கும் அந்தப் பற்களுக்குக் கூர் கொடுத்தது ஓடைக்கரையில் கிடந்த ஒரு சாணைக்கல். தினமும் காலையில் கல்லை நனைத்துப் பல் தீட்டிவிட்டுத்தான் கரும்பிடரி இரை தேடக் கிளம்பும்.

மழைக்கால முடிவில் ஒரு மரங்கொத்தி அந்தப் பக்கம் வந்தது. மரத்தில் துளை போட்டால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்ற வருத்தம் அதற்கு ரொம்ப நாளாக உண்டு.

“தலைவரே, இவ்வளவு நல்ல கல்லைச் சேற்றில் போட்டு வைத்திருக்கிறீர்களே. உங்கள் தகுதிக்கு இதற்கு ஒரு பெட்டி வேண்டாமா?” என்றது.

அதுவரை கரும்பிடரிக்குத் தன் தகுதி பற்றி யோசனையே வந்ததில்லை. அன்று வந்துவிட்டது.

மரங்கொத்தி ஒரு வேங்கைக் கட்டையைக் குடைந்தது. கல்லை வைத்து அளவெடுத்தது. மூடியில் மயில் கழுத்தும் கொடியுமாகக் கொத்தித் தள்ளியது. மூடியைப் போட்டால் நடுவில் எறும்பின் மீசைகூட நுழையாது என்று பெருமை அடித்துக்கொண்டது. பறந்து போகும்போது, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவைத்தது.

கரும்பிடரியின் மனைவி சாம்பி சிரித்துவிட்டது. நனைத்துத் தீட்டுகிற கல்லுக்கு நனையக்கூடாத பெட்டியா என்று கேட்டது. கலை தெரியாதவர்களோடு பேசிப் பயனில்லை என்று கரும்பிடரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலை பல் தீட்டி முடித்ததும், சொட்டச் சொட்ட இருந்த கல்லைப் பெட்டிக்குள் வைத்து மூடியது. ஈரத்தில் கட்டை ஊறி உப்பியது. அதற்கடுத்த நாள் மூடி அசையவில்லை. மூக்கால் நெம்பியும் அசையவில்லை. மரங்கொத்தியைக் கூப்பிட்டால், பெட்டியை உடைத்தால்தான் கல் வரும், இல்லையென்றால் காயும் வரை காத்திருக்க வேண்டும் என்றது.

உடைப்பதா? அதற்குள் அந்தப் பெட்டியைப் பார்க்க மயில்கள் வந்து போயிருந்தன. கடமான்கள் வந்திருந்தன. அடுத்த மலைப் பன்றிகளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தன. கரும்பிடரி, கூட்டம் தங்கும் குகையின் வாசலில் பெட்டியை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

“என்னங்க, பனி இறங்கிவிட்டது. உங்கள் பல்லைத் தொட்டுப் பார்த்தீர்களா? கூழாங்கல் மாதிரி இருக்கிறது. ஓடையில் வேறு கல்லா இல்லை?” என்றது சாம்பி.

“பெட்டி வைத்திருக்கிறவன் கண்ட கல்லில் போய்ப் பல்லைத் தேய்ப்பதா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?”

“நாலு பேர் வருவார்கள். செந்நாய்கள்தான் வரும்.”

வந்தன. விடியற்காலைப் பனி மூட்டத்தில் மலைச்சரிவு வழியே இறங்கி வந்தன. சாம்பி குட்டிகளைக் குகைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுக் கணவனைப் பார்த்தது. கரும்பிடரியின் கண் பெட்டியின் மேல் இருந்தது. ஒரு செந்நாய் அதை மிதிக்கப் போனது. அந்த மயில் கழுத்தில் நகம் பட்டால் என்ன ஆவது? கரும்பிடரி பாய்ந்தது. பாய்ந்து பெட்டியை வாயில் கவ்விக்கொண்டது.

மூத்த செந்நாய் நின்று பார்த்தது. “என்னய்யா, போன வருஷம் என்னைக் கிழித்தாயே, அந்தப் பல் எங்கே?” என்று கேட்டது.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் பெட்டி விழும். கரும்பிடரி அதை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டது. இடிக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. சாம்பி தனியாக முட்டி மோதிப் பார்த்தது. ஆனாலும் செந்நாய்கள் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

அன்றே சாம்பி மிச்சக் குட்டிகளையும் கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு அக்கரைக்குப் போனது. ஓடைநடுப் பாறை ஒன்றில் தன் சிறிய பற்களைத் தேய்த்துவிட்டுப் போனது. கரும்பிடரியை யாரும் கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க அதற்கும் மனம் வரவில்லை.

பங்குனி வெயிலில் கட்டை காய்ந்தது. ஒரு மத்தியானம் மூடி தானாகக் கழன்று விழுந்தது. உள்ளே கல் பத்திரமாக இருந்தது. கரும்பிடரி அதில் பற்களைக் கூராகத் தீட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. காப்பாற்றுவதற்கு அங்கே யாரும் இல்லை.

கருவியை அழகாகப் பூட்டி வைப்பதிலேயே பெருமை கொள்பவன், அந்தக் கருவியால் எவரைக் காக்க வேண்டுமோ அவரை இழப்பான்.