மூன்றாவது உருப்படி

கோட்டை, குதிரை, வாள் என்று ஆரம்பித்தால் கேட்க ஆள் கூடும். ஐரோப்பாவைப் பிரபுக்கள் ஆண்ட காலத்துக் கதைதான் இதுவும். ஆனால் இதில் வாள் இல்லை. ஒரு எருது, ஒரு பசு, ஒரு கன்று, அவற்றைப் பிடுங்க வந்த இரண்டு பெரிய மனிதர்கள். கவனமாகக் கேளுங்கள். கடைசியில் நான் ஒன்று கேட்பேன்.

குன்டர் ஒரு பண்ணையடிமை. நிலம் பிரபுவுடையது. வாரத்தில் மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒன்று மாதாகோயிலுக்கு. அதற்குத் தசமபாகம் என்று பெயர். மகளைக் கட்டிக்கொடுக்கக்கூட பிரபுவிடம் அனுமதி கேட்க வேண்டும். சாவதற்கு மட்டும் அனுமதி தேவையில்லை. ஆனால் அதற்கும் வரி இருந்தது.

அடிமை செத்தால் அவன் வீட்டு மாடுகளில் முதல் தரமானது பிரபுவுக்கு. அடுத்தது கோயிலுக்கு, உயிரோடு இருந்தபோது தசமபாகத்தில் ஏதாவது குறைத்திருப்பானாம். திருடன் என்று முடிவுகட்டித்தான் புதைத்தார்கள். ஒரே ஒரு சலுகை: உயிர் போன நேரத்தில் வீட்டில் மாடு கன்று எல்லாம் சேர்த்து மூன்று உருப்படியாவது இருந்தால்தான் கோயிலுக்குப் பங்கு. இரண்டே இருந்தால் கிடையாது.

குன்டரிடம் இருந்தவை ஓர் எருதும் ஒரு சினைப்பசுவும். வீடு ஒரே அறை. தட்டிக்கு இந்தப் பக்கம் மனிதர்கள், அந்தப் பக்கம் மாடுகள். குன்டருக்குக் காய்ச்சல் முற்றிய அன்று ஊரே பிரபுவுக்கு விறகு வெட்டக் காட்டுக்குப் போயிருந்தது. வீட்டில் அவன் மனைவி எர்மாவும் இரண்டு சின்னக் குழந்தைகளும்தான். பாதிரியார் வந்தார், நெற்றியில் எண்ணெய் பூசினார், ஜெபம் சொன்னார். மூச்சு நின்றதும் தம் கையாலேயே குன்டரின் கண்களை மூடினார். போகிற போக்கில் தட்டிக்கு மேலே கையை நீட்டிப் பசுவைத் தட்டி ஏதோ சொன்னார். எர்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். சற்று நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்தது. சாயங்காலம் ஊரார் திரும்பியபோது வெள்ளை முகத்தோடு ஒரு கன்று எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பிரபுவின் மணியக்காரர் வந்து எருதைப் பிரபுவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஏழாம் நாள் பாதிரியார் கயிற்றோடு வந்தார்.

எர்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எருது போயாயிற்று, இனி பசுவைத்தான் ஏரில் பூட்ட வேண்டும். உழாவிட்டால் நிலத்தைப் பிடுங்குவார்கள். பாலும் போனால் கைப்பிள்ளை பனிக்காலத்தைத் தாண்டாது.

வழக்கு பிரபுவின் மண்டபத்துக்குப் போனது. மணியக்காரர்தான் நீதிபதி. சத்தியம் செய்து தெரிந்ததைச் சொல்ல ஊரார் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கன்று எப்போது பிறந்தது?" என்று எர்மாவைக் கேட்டார் மணியக்காரர்.

"சாமி போய்த் துக்க மணி அடித்த பிறகு, ஐயா."

"பொய்!" என்றார் பாதிரியார். "நான் உள்ளே நுழைந்தபோதே கன்று வைக்கோலில் கிடந்தது. இந்தக் கண்ணால் பார்த்தேன்."

"வேறு யார் பார்த்தது?"

"செத்தவர்தான்" என்றாள் எர்மா.

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மணியக்காரர் பன்னிரண்டு பேரில் ஒருவனைப் பார்த்தார். "நீ சொல்லப்பா."

"நான் விறகு வெட்டிக்கொண்டிருந்தேன், ஐயா. பிரபுவுக்குத்தான்."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாதிரியாரை எதிர்த்துப் பேசினால் கோயிலில் நற்கருணை அப்பம் கிடையாது, செத்தால் கல்லறையில் ஆறடி இடமும் கிடையாது.

பாதிரியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவள் பேச்சையா நம்புவது? புருஷன் கண்ணை மூடிவிட்டு வெளியே வரும்போது வாய்விட்டுச் சொன்னேன், பசு ஈன்றதும் எனக்குச் சீம்பால் கொடுத்துவிடு என்று. மண்டையை மண்டையை ஆட்டினாள். இன்றுவரை ஒரு செம்பு வந்ததா? கோயிலை ஏய்க்கிற குடும்பம் இது!"

மணியக்காரர் தாடியைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பசு யாருக்கு? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? இதில் நியாயமாக நடந்துகொண்டது யார்?

விடை: பசு எர்மாவுக்கு. "ஈன்றதும் கொடு" என்று கேட்ட ஆளின் கண்ணெதிரே கன்று கிடந்திருக்க முடியாது. அப்போது குன்டரின் கண்ணை மூடியாகிவிட்டது. ஆகவே உயிர் போன நேரத்தில் இருந்தவை இரண்டே உருப்படிகள். பிணத்தின் பக்கத்தில் நின்று பாலுக்கு ஆசைப்பட்ட வாய் தானே உளறியது. தீர்ப்புச் சொன்ன மணியக்காரரை மெச்சாதீர்கள். கோயில் தொழுவம் பெருப்பது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரையும் மெச்சாதீர்கள். நியாயமாக நடந்துகொண்டது அந்தக் கன்று. குன்டர் போகும்வரை வெளியே வராமல் இருந்தது. எருது? அது சட்டப்படி போனது, திரும்பவில்லை. அடுத்த வசந்தத்தில் நுகத்தின் ஒரு பக்கம் பசு நின்றது, எருது நின்ற பக்கம் எர்மா நின்றாள். முதலில் உழுதது பிரபுவின் வயலை.